தண்ணி ஊத்தாதே

பலாவுக்குப் பேர்போன காடாம்புலியூரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி பலாப்பழத்தைத் தொடமாட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டு அக்கா தொடமாட்டார். ஆனி மாதம் வந்தால் நெய்வேலியில் எங்கள் பிளாக்கே பலா வாசனையில் மிதக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிள் கேரியரில் பழத்தைக் கட்டி, குழந்தையைப் பிடித்துக்கொள்வதுபோல ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டே வருவார்கள். எந்த வீட்டில் அறுத்தாலும் அக்கம்பக்கத்துக்கு நாலு சுளை போகும். அக்கா வீட்டுக்கு மட்டும் போகாது. புதிதாகக் குடிவந்த நான் தெரியாமல் ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"எனக்கு ஒத்துக்காதும்மா" என்றார்.

"வயித்துக்காக்கா?"

"இல்ல. அதுக்கும் கொஞ்சம் மேல" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பதிலின் அர்த்தம் தெரிய எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அவரைத் தெரிந்தவர்கள் இந்தக் கதையில் வரும் இன்னொருத்தி யார் என்றும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த இன்னொருத்தியின் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்று அப்போதே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து என்ன? எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் பெயர் தெரிந்திருந்தது. நானாவது மதித்துவிட்டுப் போகிறேன்.

அக்கா வீட்டுக்காரருடைய நிலம் சுரங்கத்துக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக அவருக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை, எங்கள் பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸ். அக்கா பக்கத்து ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆயா. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் காலை பஸ்ஸுக்குப் போனால் மதியம் திரும்புவார். சில நாள் மதியம் போய் இருட்டித் திரும்புவார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்றுதான். சுவருக்கு இந்தப் பக்கம் என் குழாய், அந்தப் பக்கம் அவர் குழாய்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்தவள். நெய்வேலிக்கு வந்து பார்த்தால், சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறிவிடாமல் ராப்பகலாகப் பம்பு வைத்து இறைக்கிறார்கள். இறைத்த தண்ணீர் கால்வாய் கால்வாயாக ஓடுகிறது. குழாயைத் திறந்தால் மூடத் தோன்றாது. வாசலைக் கழுவுவேன், படியைக் கழுவுவேன், கழுவிய படியை இன்னொரு தரம் கழுவுவேன். அப்பேர்ப்பட்ட ஊரில் தண்ணீருக்கு எதிரி ஒருவர் உண்டென்றால் அது அக்காதான்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் லாரி உரசி, சட்டையெல்லாம் ரத்தமாக வந்து நின்றார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். சட்டையைக் கழற்றி வாளியில் போடப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்:

"ஊற வைக்காதடி! தண்ணி ஊத்தாத! மொதல்ல எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு பாரு."

"என்னக்கா சொல்லுதிய? ரத்தம் காஞ்சிட்டுன்னா கறை போவாது."

"கறை போகாதுன்னுதான்டி சொல்றேன்."

சட்டையை வாங்கிப் பழுப்புக் காகிதத்தில் மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து லாரிக்காரன், என் வீட்டுக்காரர்தான் தவறான பக்கம் வந்தார் என்று சாதித்தபோது, அந்தச் சட்டையின் வலது கையில் ஒட்டியிருந்த லாரியின் பச்சைப் பெயின்ட்தான் அவரைக் காப்பாற்றியது. எனக்கு அப்போதும் அது ஏதோ அதிர்ஷ்டமாகத்தான் தோன்றியது.

இன்னொரு சமயம் அக்கா வீட்டுக் கோழி காணாமல் போயிற்று. பின்பக்கத்து ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம். அக்கா அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் கல்லையும் வைத்து, இரண்டு நாள் யாரையும் அந்தப் பக்கம் தண்ணீர் கொட்ட விடவில்லை. பிளாக் பெண்களுக்குக் கொண்டாட்டம். "சி.ஐ.டி. அக்கா, கோழி என்னாச்சு?" என்று போகிறவள் வருகிறவள் எல்லாம் கேட்டாள். மூன்றாம் நாள் கூடையைத் தூக்கித் தெருச் செருப்பையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கடைசியில் பொருந்தியது அவருடைய வீட்டுக்காரர் செருப்பு. மனுஷன் கோழியைக் கொண்டுபோய்க் கூட்டாளிகளோடு முந்திரித் தோப்பில் பொங்கித் தின்றிருக்கிறார்! எங்களோடு சேர்ந்து அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பாத்தியா, தடம் பொய் சொல்லல" என்றார்.

அவருக்கென்று இப்படிச் சில பேச்சுகள் இருந்தன. "வாய் மாத்திப் பேசும், துணி மாத்திப் பேசாது" என்பார். யாராவது விழுந்து அடிபட்டு வந்தால், மற்றவர்கள் "ஐயோ, அழாத" என்பார்கள், அக்கா, "அழுதுகினே சொல்லு, எங்க விழுந்த, யாரு தள்ளினது?" என்பார். எனக்குச் சில சமயம் கோபமாகக்கூட வரும். இரக்கமில்லாத மனுஷியோ என்று நினைத்ததுண்டு.

பிறகு ஒரு மத்தியானம், சுவரின்மேல் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"நான் வேலைக்குச் சேந்து ஏழெட்டு மாசம் இருக்கும். பகல் ஒரு மணி. ஒரு பொண்ண மாட்டு வண்டியில போட்டு எடுத்தாந்தாங்க. கான்ட்ராக்டுல மண்ணு சொமக்கற பொண்ணு, வெளியூரு. எறக்கி வுட்டுட்டு அவுங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சி, கையி, காலு எல்லாம் கரியும் மண்ணும். நடுங்கிகினு இருந்துச்சி. என்னா நடந்திருக்குன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. எனக்கு மனசு கேக்கல. வெந்நி போட்டேன். தலையோட ஊத்தினேன். சோப்பு போட்டேன். நகத்துக்குள்ள எல்லாம் தேச்சி வுட்டேன். அது துணிய அலசிக் கொடியில போட்டேன். ஆஸ்பத்திரிப் பொடவையக் கட்டி வுட்டு, தல வாரி, பாக்க எம் பொண்ணு மாதிரி இருந்துச்சி. டாக்டரம்மா வந்து பாத்தாங்க. திட்டக்கூட இல்ல. 'என்ன ஆயா, எல்லாத்தையும் கழுவிட்டியா'ன்னாங்க. அப்பக்கூட நானு, 'ஆமாங்கம்மா, சுத்தமா'ன்னு சொல்றேன்டி. பெருமையா!"

கீரைக் காம்பு அவர் விரலில் ஒடியாமல் வளைந்துகொண்டே இருந்தது.

"கோர்ட்டுல அதச் செஞ்சவனோட வக்கீலு கேட்டாரு. துணி எங்கம்மா? தொவச்சிட்டேங்க. நகத்துல ஏதாச்சும் இருந்துச்சா? தேச்சிட்டேங்க. ஒடம்புல கறை? கழுவிட்டேங்க. அவரு சிரிச்சாரு. 'ரொம்ப நன்றிம்மா. இப்படிச் சுத்தம் பாக்கற ஆயா எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கணும்'னாரு. கோர்ட்டே சிரிச்சிச்சி."

அந்த ஆள் ஒரு கான்ட்ராக்ட் மேஸ்திரி. நாற்பது ஐம்பது பேரை வேலைக்குக் கூட்டிப் போகிறவன். விடுதலையாகி ஒரு வாரத்தில் சைக்கிளில் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தானாம். கேரியரில் ஒரு பலாப்பழம். "நம்ம தோட்டத்துப் பழம்க்கா. நீங்க இல்லன்னா நான் இல்ல" என்று சொல்லி நீட்டினானாம்.

"தூக்கிப் போட்டீங்களாக்கா?"

"இல்லடி. வாங்கிகினேன்." சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒருத்தரு நீட்டினா கை தானா நீண்டுடுது. அவன் போனப்பறந்தான் ஒடம்பு எரிஞ்சிச்சி. மாட்டுக்குப் போட்டேன். அது தின்னுச்சி. அதுக்கென்னா தெரியும்?"

அதிலிருந்து அவன் அக்காவை எங்கே பார்த்தாலும், பஸ் ஸ்டாண்டோ சந்தையோ, நாலு பேர் பார்க்கக் கை குவிப்பான். "கும்பிடுறேன்க்கா." கிண்டல்கூட இல்லை. நிஜமான நன்றி. அக்காவுக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான்.

இதைக் கேட்ட பிறகு நான் அவரைச் சி.ஐ.டி. என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா வருவார். டவுன்ஷிப்புக்கு வெளியே முந்திரித் தோப்பை ஒட்டிக் குடிசை. அவருக்கு ஒரே மகள், இருபத்திரண்டு வயசு. கட்டிக்கொண்டவன் ஒரு வருஷத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் அந்த மேஸ்திரியிடம்தான் வேலைக்குப் போனாள். வேறு யாரிடம் போவாள்? சுரங்கப் பக்கம் கான்ட்ராக்ட் ஆள் உள்ளே போக கேட் பாஸ் வேண்டும். அதில் வாரா வாரம் சனிக்கிழமை மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் திங்கட்கிழமை கேட்டில் நிற்க வேண்டியதுதான். சாமான் வைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து அவன் கையெழுத்துப் போடுவான். ஆண்களுக்கெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பெண்கள்.

ஒரு சனிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரம். பின்பக்கச் சந்து வழியாக அந்த அம்மா மகளைத் தோளில் சாய்த்தபடி என் குழாயடிக்கு வந்து நின்றார். மகளின் ரவிக்கைக் கை கிழிந்து தொங்கியது. கையில் அந்த கேட் பாஸ் கசங்கி இருந்தது.

"ஒரு பக்கெட் தண்ணி வுடும்மா. தலைக்கு ஊத்தணும்" என்றார் அம்மா. மடியிலிருந்து ஒரு துண்டு மஞ்சளை எடுத்தார். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் எப்படித் தலைக்கு ஊற்றி உள்ளே கூப்பிடுவோமோ, அதேபோல. தீட்டைக் கழுவிவிட்டால் மகள் மறுபடியும் மகளாகிவிடுவாள் என்று நம்பிய தாய். நானும் அதைத்தான் நம்பினேன். வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்தது நான்தான். செம்பைக் கொடுத்ததும் நான்தான்.

காலை டூட்டி முடிந்து அப்போதுதான் அக்கா வந்திருக்க வேண்டும். வெள்ளைப் புடவையோடு சுவரைத் தாண்டிக் குதித்தார். ஐம்பது வயசு மனுஷி!

"தண்ணி ஊத்தாதே! செம்பக் கீழ வை!"

அம்மா பிடித்திருந்த செம்பைப் பிடுங்கிக் கொட்டினார். குழாயை மூடினார்.

"வுடும்மா, எம் பொண்ணு ஒடம்பு கூசுது" என்று அம்மா அழுதார்.

"கூசட்டும். இப்ப ஊத்திட்டின்னா நீ அவன ஊத்திக் கழுவி அனுப்பற. தெரியுதா?" பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து, "யாரு?" என்றார்.

அவள் சொன்னாள்.

அக்கா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பலாப்பழத்தை வாங்கிய கைகள். எழுந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

அவளைப் போர்வையில் சுற்றி, நாலு பேரும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டி டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரிசோதனை பண்ணச் சொல்லி போலீஸ் மெமோ இல்லாம நான் தொட மாட்டேன் ஆயா" என்றார். அக்கா எங்களை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அங்கே ரைட்டர், "எஸ்.ஐ. வரட்டும்" என்றாராம். எஸ்.ஐ. வந்து, "பொண்ணே நேர்ல வந்து சொல்லணும்" என்றாராம். "நடக்க முடியாதுங்க" என்றால், "அங்க கொட்டகைக்கு நடந்துதானே போனா?" என்று கேட்டாராம். அக்கா ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்குமாக மூன்று தடவை நடந்தார். அதற்குள் ஐந்து மணிச் சங்கு ஊதிவிட்டது.

அத்தனை நேரமும் அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வராந்தா கோடியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் அங்கேயே இருந்தது.

"அக்கா, கை மட்டும் கழுவிக்கிறேன்க்கா."

"வேணாம்மா. நகத்துல இருக்கான் அவன். பத்திரமா வச்சிக்கோ."

"வாந்தி வருதுக்கா. ஒரே ஒரு செம்பு."

"இன்னும் கொஞ்ச நேரம். கண்ண மூடிக்கோ."

பசி மயக்கத்தில் அவள் சரிந்தபோது அக்கா இட்லி வாங்கி வந்தார். அந்தக் கையால் அவள் எப்படிச் சாப்பிடுவாள்? அக்காவே பிட்டு ஊட்டினார். ஒரு வாய் வாங்குவாள், விரல்களைப் பார்ப்பாள், அழுவாள். அக்கா அடுத்த வாயை நீட்டுவார். அன்பா அது, பிடிவாதமா என்று எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஆறரை மணிக்கு மெமோ வந்தது. பரிசோதனை முடிந்ததும், அவள் துணியை அக்கா உள்ளேயே காற்றாட உலர்த்தி, பழுப்புக் காகிதத்தில் மடித்தார். நகத் துணுக்குகளைத் தனிக் காகிதத்தில் வைத்தார். டாக்டர் அரக்கு வைத்தபோது, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பொட்டலம் மெட்ராஸில் சோதனைச் சாலைக்குப் போனது. ரிப்போர்ட் வர ஐந்து மாதம். அதற்குள் ஊர் பேசத் தொடங்கிவிட்டது. பெரிய மனுஷர்கள் நாலு பேர் குடிசைக்கு வந்தார்கள். அக்காவும் போய் நின்றார், நானும் போனேன்.

"அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளேன்னு பாக்காதீங்க. கோயில்ல வச்சி ஒரு மஞ்சக்கயித்தக் கட்டச் சொல்றோம். உம் பொண்ணுக்கும் ஒரு ஆம்பள தொணை வேணுமில்ல?" என்றார் ஒருவர், நிஜமாகவே உதவி செய்கிற முகத்தோடு.

"கடிச்ச நாயிக்கே கட்டி வைக்கிறீங்களாய்யா?" என்றார் அக்கா.

"நீ சும்மா இரும்மா. ஒனக்கென்ன, வேல பெர்மனென்டு. அது பொழைக்க வேணாமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். மகள்தான் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் கோர்ட்டுக்குப் போறேன்" என்றாள். அதன்பிறகு அந்த அம்மாவுக்கு இரண்டு வீட்டில் வேலை போயிற்று. என் வீட்டில் போகவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். போகச் சொல்லி என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெட்ராஸ் ரிப்போர்ட் வந்த அன்று அக்காவை நான் முதல்முறையாகச் சந்தோஷமாகப் பார்த்தேன். துணியில் இருந்த கறை அவனுடைய ரத்த வகையோடு ஒத்துப்போனது. நகத்தில் தோல் இருந்தது. அவன் கழுத்தில் கீறல் இருந்ததைக் கைது செய்த அன்றைக்கே எழுதி வைத்திருந்தார்கள்.

"துணி பேசிடுச்சிடி" என்று சுவர்மேல் தட்டினார். "இனிமே அவன் 'நான் அங்க இல்லவே இல்ல'ன்னு சொல்ல முடியாதில்ல?"

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம்.

கோர்ட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள். அதுவும் புதுச் சட்டம்தான், நல்ல சட்டம். நானும் அக்காவும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை அவள் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள்.

"'ஆமா, நான் அங்க இருந்தேன், அவளும் இருந்தா, அவளா வந்தா'ன்னு சொல்லிட்டான். கேட் பாஸக் காட்டி, 'கையெழுத்து வாங்க நீயாதானே போன?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'கடைசி ஆளா ஏன் நின்ன?' பொம்பளைங்களுக்குக் கடைசியிலதான் போடுவாங்கன்னேன். 'புருஷன் எங்க?' தெரியாதுன்னேன். டாக்டரு எழுதினதப் படிச்சிக் காட்டினாங்க. ஏற்கெனவே ஆம்பள கிட்டப் பழக்கப்பட்டவள்னு எழுதியிருக்காராம். கல்யாணம் ஆனவதானே நானு, வேற எப்படி எழுதுவாரு? பெர்மனென்ட் ஆக்கறேன்னு சொன்னானான்னு கேட்டாங்க. எல்லார்கிட்டயும்தான் சொல்லுவான்னேன். 'ஆக, ஆசை இருந்துச்சி'ன்னாங்க."

பஸ் குலுங்கியது.

சர்க்கார் வக்கீல் நல்ல மனுஷர். அக்கா அவரிடம் ஒருநாள் கேட்டார். "ஏங்க சார், இப்ப சட்டத்த மாத்தி, பொண்ணு சம்மதிக்கலன்னு சொன்னா நம்பணும்னு வச்சிட்டாங்களாமே, ரேடியோவுல சொன்னாங்க?"

"அது போலீஸ்காரன், ஜெயில்காரன், ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி ஆளுங்க தங்கள் காவல்ல இருக்கற பொண்ண ஏதாவது செஞ்சாத்தாம்மா. மேஸ்திரி அதுல வரமாட்டான்."

"அப்ப இந்தப் பொண்ணு செஞ்ச தப்பு, கொட்டகைக்குப் போனது. ஸ்டேஷனுக்குப் போயிருந்தா நம்பியிருப்பாங்க."

வக்கீல் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த கேஸ் கட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

தீர்ப்பு நாள். சந்தேகத்தின் பலன் அவனுக்கு, விடுதலை. அரக்கு உடைத்த பொட்டலம் மேசைமேல் இருந்தது. அத்தனை மாதம் கழித்தும் கரியும் மண்ணும் உதிராத துணி. அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவள் சம்மதித்தாளா என்பதை மட்டும் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

படியில் இறங்கும்போது அவன் எதிரே வந்தான். பழக்கத்தில் கை குவிந்துவிட்டது அவனுக்கு. "கும்பிடுறேன்க்கா" என்றான்.

அக்கா அவனைத் தாண்டி நடந்தார். அவர் கால் ஒரு படியைத் தவறவிட்டது. நான் பிடித்துக்கொண்டேன்.

பொழுது சாய எங்கள் பிளாக்குக்கு வந்தோம். அம்மா நேரே குடிசைக்குப் போய்விட்டார். மகள் போகவில்லை. என் குழாயடியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வந்து நின்றாள். அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மன்னிச்சிடும்மா. நான் சொன்னத நம்பி அவ்ளோ நேரம் உக்காந்த" என்றார் அக்கா.

"கேஸு தோத்ததுக்கா? அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" அவள் விரல்களை விரித்துப் பார்த்தாள். "ஆனா அன்னிக்கு ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்க்கா. அவனும் கேக்கல. எங்கம்மா செம்பத் தூக்கும்போதும் கேக்கல. நீங்க புடுங்கும்போதும் கேக்கல. நீங்க சொல்லிக் கேட்டிருந்தா நானே வச்சிகினு உக்காந்திருப்பேன். என் கையிதானே?"

அக்கா எழுந்தார். உள்ளே போய் வெந்நீர் வைத்து, வாளியில் விளாவிக் கொண்டுவந்தார். செம்பை எடுத்தார். ஊற்றவில்லை.

"ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு, "செம்பக் குடுங்க. நானே ஊத்திக்கிறேன்" என்றாள். அக்கா கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் செம்பு வாளியில் முங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்த மாதமே அவளும் அம்மாவும் ஊரைவிட்டுப் போனார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனதாகச் சொன்னார்கள். மேஸ்திரி கொட்டகையை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டிக்கொண்டான். அக்கா இனிமேல் இப்படிப்பட்ட கேஸில் தலையிடமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மறு வருஷம் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், காய்ச்சலில் படுத்திருந்தார். அதே வராந்தா, அதே பெஞ்சு. வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூட வந்த கிழவி, "தண்ணி, தண்ணி" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அக்கா தரையில் சம்மணம் போட்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் ஒரு வாளி வெந்நீரும் செம்பும். இடது பக்கம் பழுப்புக் காகிதம்.

"கேட்டுக்கோம்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கழுவாம வச்சிகினா, அவன்தான்னு காட்டலாம். காட்டினாலும் கோர்ட்டு நம்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வச்சிகினு உக்காற்றது ரொம்பக் கஷ்டம், அதையும் சொல்லிடறேன். கழுவினின்னா மனசு இப்பவே ஆறும், கேஸு நிக்காது. நீ சொல்றதுதான். ஊத்திக்கிறியா, வைக்கிறியா?"

அந்தப் பெண் வாளியைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். "என்ன ஆயா, சீக்கிரம்" என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். கிழவி செம்பை எடுக்கக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வாளியில் ஆவி அடங்கியது. அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாட்டுக் கூடையோடு வார்டுக்குப் போய், வீட்டுக்காரருக்கு ஊட்டி முடித்து, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோதும், அக்கா இருந்த இடத்தைவிட்டு அசையாமல் அதே கேள்வியோடு காத்துக்கொண்டிருந்தார்.